ஒரே வீரருக்கு இரண்டு தாளில் இரண்டு மனைவி: எதைப் பதிவது?

கேள்வி: ஒஹையோவில் இருக்கிறேன், கணவர் அமெரிக்கர். அவருடைய கொள்ளுப்பாட்டி 1912-இல் ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ சங்கத்தில் (டி.ஏ.ஆர்., அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்தவர்களின் வழிவந்த பெண்களுக்கான சங்கம்) சேர்ந்தபோது கொடுத்த விண்ணப்பத் தாளும், கணவரின் அத்தை 1970களில் கொடுத்த தாளும் கிடைத்திருக்கின்றன. இரண்டும் ஒரே போர்வீரரில்தான் முடிகின்றன. ஆனால் அவர் மனைவி ஒன்றில் மேரி, மற்றதில் ஹன்னா. பிள்ளைகளுக்காக எல்லா முன்னோரையும் கணினியில் ஏற்ற ஆசை. எந்தப் பெயரைப் போடுவது? 1,500 டாலருக்கு மொத்தமாகச் செய்து தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஆட்களால் கெட்டுப்போன குடும்ப மரங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. டி.ஏ.ஆர். தன் தளத்தில் முன்னோர் பட்டியலை யாரும் இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறது. அவர் அதைத் திறந்து வீரர் பெயரைப் போட்டு, வருவதை அப்படியே எடுத்து, மிச்சத்துக்கு யாரோ இணையத்தில் ஏற்றியதை ஒட்டித் தருவார். கூடவே ஒரு கேடயச் சின்னமும் அச்சடித்துக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் பணம். இது பழைய தொழில். நியூயார்க்கில் இருந்த குஸ்டாவ் அஞ்ஜூ (1942-இல் இறந்தார்) பணக்காரக் குடும்பங்களுக்குப் போலி வம்சாவளி எழுதி விற்றே பிழைத்தவர். அவர் கட்டிய பொய்கள் இன்றைக்கும் நகலுக்கு நகலாகக் குடும்ப மரங்களில் ஏறிக்கொண்டிருக்கின்றன.

சரி, மேரியா ஹன்னாவா? இப்போதைக்கு இரண்டு பேரையும் போடுங்கள். உங்கள் கையில் இருப்பது பிறப்புச் சான்றிதழ் இல்லை, சங்கத்தில் சேர விரும்பிய ஒருவர் ‘இவர் மகள் இவர், இவர் மகன் இவர்’ என்று எழுதிக் கொடுத்த தாள். அதனால் எடுத்த எடுப்பில் ஆளுக்கு ஒரு பக்கம் திறக்காமல், தாள் சொல்வதை ஒவ்வொரு வரியாகப் பதியுங்கள். எக்செல் போதும். யாரைப் பற்றி, என்ன சொல்கிறது, எந்தத் தாள், எந்த ஆண்டு, அதற்கு அந்தத் தாள் காட்டும் ஆதாரம் என்ன. இந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர், எல்லோரும் விட்டுவிடுவதும் இதைத்தான்.

1912 தாளில் ஆதாரம் எழுதச் சொன்ன இடத்தைத் தேடிப் பாருங்கள். குடும்ப பைபிள் என்று இருக்கலாம், வீட்டில் பெரியவர்கள் சொன்னது என்று இருக்கலாம். பல பழைய தாள்களில் அங்கே வேறொரு உறுப்பினரின் தேசிய எண் (சங்கம் ஒவ்வொரு உறுப்பினருக்கும் கொடுக்கும் எண்) மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்குரிய தாளை எடுத்தால் அது இன்னொரு எண்ணைக் காட்டும். மூன்று தாள் இருக்கிறதே, மூன்று சாட்சி என்று நினைத்துக்கொள்வோம், கடைசியில் முதலாமவர் சொன்ன ஒரே வார்த்தைதான் மூன்று இடத்தில் நிற்கும். எண்களையும் பதிந்து வைத்தால் இது உங்கள் அட்டவணையிலேயே தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1890-இல் சங்கம் தொடங்கிய புதிதில், வீரரின் நேரடி வாரிசு மட்டுமல்ல, வீரருடைய தாயின் வழியில் வந்தவர்களும் சேரலாம் என்று விதி இருந்தது. அதாவது வீரரின் தம்பிக்கோ அக்காவுக்கோ பேத்தியாக இருந்தாலும் உறுப்பினர் ஆகலாம். 1890களின் நடுவில் அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் 1912 தாளுக்கு இது பொருந்தாது, ஆனால் அது ஆதாரமாகக் காட்டும் எண் அந்த முதல் சில ஆண்டுகளைச் சேர்ந்ததாக இருந்தால் கவனம். அந்த எண்ணுக்குரிய அம்மாளுக்கு வீரர் கொள்ளுத் தாத்தாவாக இல்லாமல் கொள்ளுத் தாத்தாவின் அண்ணனாக இருந்திருக்கலாம். அவரை நேர்க்கோட்டில் ஏற்றிவிட்டால், அதற்குக் கீழே நீங்கள் பதிகிற ஒவ்வொருவரும் தவறான வீட்டில் போய் உட்காருவார்கள்.

மறுபடி மனைவி விஷயம். 1970களின் தாளுக்குச் சரிபார்ப்பு கடுமையாக இருந்திருக்கும் என்பதற்காக ஹன்னாவே சரி என்று முடிவுகட்ட வேண்டாம். மேரி இறந்து ஹன்னாவைக் கட்டியிருந்தால் இரண்டு தாளுமே உண்மை சொல்கின்றன, உங்கள் கணவரின் கிளை யார் வயிற்றில் பிறந்தது என்பதுதான் கேள்வி. 1836-இல் வந்த சட்டத்தால் பல வீரர்களின் விதவைகள் ஓய்வூதியம் கேட்டு மனுப் போட்டார்கள். திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்ததால், சிலர் குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து மனுவோடு வைத்தார்கள். அந்தக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கின்றன. கோப்பு எண் டபிள்யூ என்ற எழுத்தில் தொடங்கினால் அது விதவையின் மனு. அதில் ஹன்னாவின் திருமணத் தேதி இருந்து, உங்கள் கிளையின் பிள்ளை அதற்கு முன்பே பிறந்திருந்தால், தாய் ஹன்னா இல்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்கு உதவாது, 1850-க்கு முன் அதில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மனைவி மக்களெல்லாம் வயதுக் கட்டத்தில் வெறும் எண்ணிக்கை. அப்புறம், ‘ஜூனியர்’ என்று பார்த்ததும் மகன் என்று போட்டுவிடாதீர்கள், ஊரில் அதே பெயரில் இரண்டு பேர் இருந்தால் வயதில் இளையவரை அப்படி அழைத்தார்கள், சொந்தமே இல்லாமலும் இருக்கலாம்.

டி.ஏ.ஆர். தளத்தில் வீரர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ‘இனி விண்ணப்பிப்பவர்கள் வீரரின் சரியான போர்ச் சேவையை நிரூபிக்க வேண்டும்’ என்பது போல இருக்கும். எந்தத் தாளில் என்ன பிழை, யார் கண்டுபிடித்தார்கள், அதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்காது. தாளின் நகலுக்குத் தனிக் கட்டணம், அதோடு வைத்த ஆதாரங்களுக்குத் தனிக் கட்டணம். இதே போல ஆண்களுக்கு இருக்கும் சங்கமும், 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்களின் வாரிசுகளுக்கான மேஃப்ளவர் சங்கமும் அவரவர் பதிவை அவரவரே வைத்திருக்கிறார்கள், ஒரே குடும்பத்தைத் தேட ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். நூறு ஆண்டுக்கு மேல் மக்கள் எழுதிக் கொடுத்த தாள்கள் இவை, இவ்வளவு இழுத்தடிப்பு ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இந்த எரிச்சலைத்தான் அந்த 1,500 டாலர் ஆசாமி காசாக்குகிறார்.

உயிரோடு இருப்பவர்களை இணையத்தில் ஏற்றும் மரத்தில் சேர்க்காதீர்கள். மேரிக்கு ஒரு வரி, ஹன்னாவுக்கு ஒரு வரி இருக்கட்டும். ஓய்வூதியக் கோப்பைப் பார்க்கும்வரை ‘தாய்’ என்ற கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். குடும்ப மர மென்பொருள் ஏதோ ஒரு பெயரைப் பரிந்துரைத்துக்கொண்டே இருக்கும், ஏற்காதீர்கள்.