நீண்ட விமானப் பயணம்: கிளம்பும் முந்தைய நாளிலிருந்து இறங்கிய மறுநாள் வரை, கேள்வி பதில்

வளைகுடா வழியாக அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா போகும் விமானங்களில் 16 வருடம் பணிப்பெண்ணாக இருந்தேன், இப்போது சென்னையில் வீட்டோடு இருக்கிறேன். கோடை வந்துவிட்டால் அம்மாவை அனுப்புகிறோம், மாமனாரை அனுப்புகிறோம் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் ஏதாவது கேட்டபடி இருப்பார்கள். இந்தத் தடவை கேள்விகளை மொத்தமாக அனுப்பச் சொன்னேன். மருந்து, நோய் பற்றி நான் சொல்வதை உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து: எனக்கு 63 வயது. மகளின் பேறுகாலத்துக்காக சிகாகோ போகிறேன். துபாயில் மாற வேண்டும். தனியாக, அதுவும் முதல் தடவை. எப்படிச் சமாளிப்பது?

அம்மா, நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இதே மாதிரி 14 மணி நேரத்துக்கு மேல் போகும் விமானம். ஜன்னல் ஓரத்தில் உங்கள் வயதில் ஒரு அம்மா, கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றார். அடுத்த சுற்றிலும் வேண்டாம். ஒன்பது மணி நேரம் ஆன பிறகு பக்கத்தில் குனிந்து "ஏம்மா எதுவுமே குடிக்க மாட்டேங்கறீங்க" என்று தமிழில் கேட்டேன், கண் கலங்கிவிட்டார். பக்கத்தில் இரண்டு ஆண்கள் தூங்குகிறார்கள், அவர்களை எழுப்பி எப்படிக் கழிவறைக்குப் போவது, போனாலும் அந்தக் கதவைத் திறக்கத் தெரியாதே, தண்ணீரே குடிக்காவிட்டால் போகவே வேண்டாமே என்று நினைத்திருக்கிறார். இறங்கும்போது கால் செருப்புக்குள் நுழையவில்லை, தலை சுற்றியது. சக்கர நாற்காலியில் வைத்துத்தான் வெளியே கொண்டுபோனார்கள்.

நம் ஊர்ப் பெரியவர்கள் இறங்கும்போது துவண்டு போயிருப்பதற்குப் பெரும்பாலும் இந்தக் கூச்சம்தான் காரணம். அதனால் டிக்கெட் போடும்போதே நடைபாதை ஓர இருக்கையைக் கேளுங்கள். ஜன்னலில் பார்க்க பாதி நேரம் மேகம்தான் இருக்கும். ஏறியதும் பணிப்பெண்ணிடம் "ஃபர்ஸ்ட் டைம்" என்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள், கண்டிப்பாக உங்கள் மேல் ஒரு கண் வைத்துக்கொள்வார்கள். தலைக்கு மேலேயோ கைப்பிடியிலேயோ ஆள் படம் போட்ட பொத்தான் இருக்கும். அதை அழுத்துவது தொந்தரவு இல்லை, அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

கழிவறைக் கதவு பெரும்பாலும் இரண்டாக மடியும் கதவு, நடுவில் கை வைத்து உள்ளே தள்ளினால் மடிந்துகொள்ளும். உள்ளே தாழ்ப்பாளை நகர்த்தினால்தான் விளக்கு முழுதாக எரியும். தண்ணீர்க் குவளை இருக்காது, காகிதம் மட்டும்தான். ஒரு சின்ன காலி பாட்டிலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயே குழாயில் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். பொத்தானை அழுத்தினால் பெரிய சத்தத்தோடு உறிஞ்சும், பயப்பட வேண்டாம். செருப்பில்லாமல் மட்டும் உள்ளே போகாதீர்கள், தரையில் இருக்கும் ஈரம் எல்லாம் தண்ணீர் இல்லை.

அப்புறம், டிக்கெட்டிலேயே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடச் சொல்லுங்கள், 48 மணி நேரம் முன்பே சொல்வது நல்லது. உங்களால் நன்றாக நடக்க முடியும் என்றே வைத்துக்கொள்வோம், ஆனாலும் துபாய் விமான நிலையத்தில் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்கு ரயில் ஏறிப் போக வேண்டி வரலாம். நடு இரவில், மொழி தெரியாத இடத்தில் அலைய வேண்டாம்.

மதுரையிலிருந்து: போன முறை போய் இறங்கியபோது இரண்டு காலும் யானைக்கால் போல வீங்கிவிட்டது. ரத்தம் உறைந்துவிடும் என்கிறார்களே?

இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, ஓரிரு நாளில் வடிந்துவிட்டால் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்ததால் வந்த வீக்கம்தான். கெண்டைக்கால் தசை அசையும்போதுதான் காலில் இருக்கும் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது, தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கீழேயே தேங்குகிறது. ரத்தக்கட்டு வேறு விஷயம். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் அதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது, ஆனாலும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். அதனால் பீதி வேண்டாம், அசட்டையும் வேண்டாம்.

அரை மணிக்கு ஒரு தரம் குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள், இருபது தடவை. இரண்டு மணிக்கு ஒரு தரம் எழுந்து பின்பக்கம் வரை நடந்து வாருங்கள். முன் இருக்கைக்குக் கீழே பையைத் திணித்துக் கால் நீட்ட இடமில்லாமல் செய்துகொள்ளாதீர்கள், நிறைய பேர் செய்யும் தவறு இது. முழங்கால் வரை வரும் இறுக்கக் காலுறை நல்ல உதவி, ஆனால் அளவு பார்த்துத்தான் வாங்க வேண்டும், மேல் ஓரம் சுருண்டு இறுக்கினால் கெடுதல். அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், முன்பு ரத்தக்கட்டு வந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. நீங்களாக ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளவும் கூடாது.

இறங்கிய பிறகு, சில வாரம் கழித்துக்கூட, ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, கெண்டையில் வலித்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

கோயம்புத்தூரிலிருந்து: உட்கார்ந்தபடி எனக்குத் தூக்கமே வராது. இரண்டு பெக் போட்டால் தூங்கிவிடலாம் என்கிறான் நண்பன். தூக்க மாத்திரை?

இரண்டும் வேண்டாம் தம்பி. குடித்தால் தூக்கம் வரும், ஆனால் இரண்டு மூன்று மணியில் நாக்கு வறண்டு விழித்துக்கொள்வீர்கள், அதற்கு மேல் வராது. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம், கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருப்பது போல. காற்றில் ஈரப்பதமும் 20 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கும். தூக்க மாத்திரை போட்டால் மணிக்கணக்கில் கால் அசையாமல் கிடப்பீர்கள், மதுரைக்காரருக்குச் சொன்னதை அதோடு சேர்த்துப் பாருங்கள்.

உண்மையில் தூக்கம் கெடுவது விமானத்தில் இல்லை, அதற்கு முந்தைய இரவில். சென்னையிலிருந்து வளைகுடா போகும் விமானங்கள் நிறைய விடிகாலை 3, 4 மணிக்குக் கிளம்புபவை. வீட்டில் வழியனுப்ப வந்த சொந்தம், கடைசி நேரப் பெட்டி எடை பார்ப்பது, ஊறுகாயை எடுத்து வெளியே வைப்பது, திரும்ப உள்ளே வைப்பது, இப்படியே 11 மணி ஆகி நேராக மீனம்பாக்கம் போய்விடுகிறோம். ஏறும்போதே ஒரு முழு இரவு போச்சு. பெட்டியை முந்தைய நாளே பூட்டிவிடுங்கள், கிளம்பும் நாள் மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரமாவது படுங்கள். வந்த சொந்தம் கோபித்துக்கொள்ளாது.

விமானத்தில் ஏறியதும் கைக்கடிகாரத்தைப் போகும் ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். அங்கே இரவாக இருக்கும் மணி நேரங்களில்தான் கண்ணை மறைத்துக்கொண்டு படுக்க வேண்டும், சாப்பாட்டு வண்டி வந்தாலும் விட்டுவிடலாம், பிறகு கேட்டால் ஏதாவது தருவார்கள். இருக்கை பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரியும்படி போடுங்கள், விமானம் குலுங்கும்போது பெல்ட் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்க நாங்கள் எழுப்ப வேண்டியிருக்காது.

திருநெல்வேலியிலிருந்து: சைவச் சாப்பாடு கிடைக்குமா? வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாமா?

கிடைக்கும். ஆனால் விமானத்தில் கேட்டால் போதும் என்று இருக்காதீர்கள், குறைந்தது 24 மணி நேரம் முன்பே டிக்கெட்டில் 'ஏசியன் வெஜிடேரியன்' என்று பதிவு செய்யுங்கள். அந்த உயரத்தில் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மந்தமாகத்தான் தெரியும், அதனால்தான் எல்லாம் சப்பென்று இருக்கிறது. வயிற்றில் இருக்கும் காற்றும் அழுத்தம் குறைவதால் கால் பங்குக்கு மேல் விரியும். முந்தைய இரவு சுண்டல், மொச்சை, உருளைக்கிழங்கு, விமானத்தில் சோடா கலந்த பானம், இதெல்லாம் வேண்டாம். புளியோதரை, இட்லியில் பொடி தடவியது தாராளமாகக் கொண்டுபோகலாம். தயிர், நெய், ஊறுகாய் எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கு, 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள்.

இரண்டு பொருளை மட்டும் பெரிய பெட்டியில்கூட வைக்காதீர்கள். கசகசா, அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது, வழியில் மாறுபவர்களும் மாட்டிக்கொள்ளலாம். கறிவேப்பிலை, எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்பதால் அமெரிக்காவில் தடை. 15 மணி நேரம் பறந்து போய் சுங்கத்தில் பெட்டியைக் கொட்டி நிற்பதைவிடப் பெரிய களைப்பு இல்லை.

பெங்களூரிலிருந்து: 8 மாதக் குழந்தையோடு போகிறோம். காது வலிக்கும் என்கிறார்களே?

ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். தரை தொட அரை மணி நேரத்துக்கு முன்பே விமானம் தாழத் தொடங்கும், அப்போது குழந்தை தூங்கினாலும் மெதுவாக எழுப்பிப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். சளி பிடித்திருந்தால் கிளம்பும் முன் குழந்தை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். தொட்டில் மாட்டும் முன்வரிசை இருக்கையை இப்போதே போன் செய்து கேளுங்கள், எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

சேலத்திலிருந்து: அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். நியூயார்க் பயணம்.

இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் உறைந்து வீணாகலாம். டாக்டர் சீட்டு, பயண நாட்களுக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு மருந்து, குளுக்கோஸ் மிட்டாய். மேற்கே போகும்போது அந்த நாள் நீண்டுவிடும், திரும்பி வரும்போது சுருங்கும், அதனால் எந்த மணிக்கு எவ்வளவு போடுவது என்று டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். சாப்பாட்டு வண்டி கண்ணில் பட்டதும் ஊசி போடக் கூடாது, குலுங்கினால் வண்டியைப் பாதியில் நிறுத்தித் திரும்பிப் போய்விடுவோம். தட்டு கைக்கு வந்த பிறகுதான்.

திருச்சியிலிருந்து: லண்டனில் இறங்கி நேராக ஒரு நேர்காணலுக்குப் போக வேண்டும். முகம் தூங்கி வழியாமல் இருக்க என்ன செய்யலாம்?

இது எங்கள் தொழில் ரகசியம் என்றே சொல்லலாம். இறங்கும் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பு அதிரும்படி அலாரம் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் விளக்குகளைப் போட்டுக் காலைச் சாப்பாட்டு வண்டியை இறக்குவார்கள், வண்டி நடைபாதையில் நின்றால் யாரும் நகர முடியாது. தட்டுகளை எடுத்து முடித்ததும் ஒட்டுமொத்த விமானமும் கழிவறை வாசலில் நிற்கும், பாதி வரிசை போவதற்குள் பெல்ட் விளக்கு எரிந்துவிடும். நீங்கள் இருட்டிலேயே எழுந்து போய்விட்டால் நிதானமாக முகம் கழுவலாம்.

ஒரு சின்னப் பையில் பல் துலக்கப் பிரஷ், ஒரு சின்னத் துண்டு, முகத்துக்கு ஈரப்பதக் கிரீம், உதட்டுக்கு வெண்ணெய், சுருட்டி வைத்த சட்டை. துண்டை நனைத்துப் பிழிந்து முகம், கழுத்து, காதுக்குப் பின்னால், அக்குள் எல்லாம் துடையுங்கள், பாதி குளித்த மாதிரி இருக்கும். அப்புறம் கிரீம். வாய் கொப்பளிக்கக் குடிதண்ணீரைக் கையோடு எடுத்துப் போங்கள். சட்டை மாற்றுவதை மட்டும் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள் சிலர், எனக்கு அதில் உடன்பாடில்லை, துண்டை மேலே விரித்துக்கொண்டு சாப்பிடலாம். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் பயணம் முழுக்கக் கண்ணாடிதான், இறங்கியபின் போட்டுக்கொள்ளுங்கள். ஷூவைத் தரை இறங்கும்போது அவசரமாகத் திணிக்காமல், முக்கால் மணி முன்பே கால் பயிற்சி செய்துவிட்டுப் போடுங்கள். முடிந்தால் நேர்காணலை மறுநாளுக்குக் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தவறில்லை.

ஈரோட்டிலிருந்து: ஜெட்லாக், அதாவது ஊர் நேரம் மாறுவதால் தூக்கமும் பசியும் தடுமாறுவது, எத்தனை நாள் இருக்கும்?

உடலின் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். கோடையில் சென்னைக்கும் சிகாகோவுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவு 3 மணிக்குப் பசித்து விழித்தால் திகைக்காதீர்கள், உங்கள் வயிற்றுக்கு அது மதியம் ஒன்றரை. கொஞ்சம் மோர் சாதம் சாப்பிட்டு, விளக்குப் போடாமல், போனைத் தொடாமல் படுங்கள். மாலை 5 மணிக்கு மேல் தூக்கம் ஆளையே அடித்துப்போடும், அப்போது சோபாவில் உட்காராமல் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். பகலில் தாங்கவில்லை என்றால் இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

கிழக்கே போவதுதான் இன்னும் கஷ்டம். மெல்போர்ன் போகிறவர்கள் காலை வெயில் நல்லது என்று ஆறு மணிக்கே நடக்கக் கிளம்புவார்கள். முதல் இரண்டு நாள் அது எதிர்விளைவு தரும், உடலுக்கு அது இன்னும் நம் ஊர் நள்ளிரவு தாண்டிய நேரம். 9 மணிக்கு மேல் போங்கள்.

கும்பகோணம் அம்மாவே மறுபடி: சக்கர நாற்காலியில் உட்கார்ந்து போனால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? இறங்கியதும் அதிகாரி ஏதாவது கேட்டால்?

யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள் அம்மா, உங்கள் விமானத்திலேயே அந்த நாற்காலிகள் வரிசையாக நிற்கும். அதிகாரி கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: மகள் வீடு, பேறுகாலம், இத்தனை மாதம், இந்தத் தேதியில் திரும்புகிறேன். மகள் முகவரி, போன் நம்பர், திரும்பும் டிக்கெட், மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். பெட்டியில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்றால் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், சத்துமாவும் அப்பளமும் பிரச்சினை இல்லை. அந்தச் சின்ன காலி பாட்டிலை மறக்காமல் கைப்பையில் வையுங்கள்.