பகடை டீச்சர் பதில்கள்: ஃபயர்பால் எங்கே விழுகிறது?

சென்ற இதழில் 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பற்றிப் போகிற போக்கில் இரண்டு பத்தி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அடிக்கும் மந்திரங்களைப் பற்றியே கேட்கின்றன. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, முடிவு தெரியாத இடத்தில் பகடை உருட்டும் விளையாட்டு இது. கதை சொல்லி, பூதங்களை ஆட்டுவித்து, தகராறு தீர்த்து வைப்பவர் டன்ஜியன் மாஸ்டர். நான் 31 வருடம் கணக்கு டீச்சர்; ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறு மாலைகளில் என் அண்ணன் மகனுக்கும் அவனுடைய நண்பர்கள் மூவருக்கும் டன்ஜியன் மாஸ்டர். சத்தத்தில் இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பதில்கள் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி. 2024 திருத்தத்திலும் ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்தின் எண்கள் அப்படியேதான் இருக்கின்றன.

டீச்சர், ஏழு காப்ளின்கள் மேல் ஃபயர்பால் விழுந்தால் சேதப் பகடையை ஏழு தடவை உருட்ட வேண்டுமா? எங்கள் வீட்டில் ஒரு சண்டை முடிய ஒரு மணி நேரம் ஆகிறது.
— வாசகி, திருச்சி

ஒரே தடவை போதும். ஆறு முகப் பகடை எட்டை உருட்டிக் கூட்டுங்கள். வந்த தொகை அந்த ஏழு குட்டிப் பூதங்களுக்கும் பொது. தனித்தனியாக உருட்ட வேண்டியது சேவிங் த்ரோ, அதாவது ஒவ்வொரு காப்ளினும் தப்பிக்கப் பார்க்கும் முயற்சி. இருபது முகப் பகடையோடு அதன் சுறுசுறுப்பைக் கூட்டி, மந்திரவாதியின் எண்ணை எட்ட வேண்டும். அந்த எண்ணுக்கு ஒரு சூத்திரம் உண்டு: 8, அதோடு தேர்ச்சிப் புள்ளி, அதோடு அறிவுப் புள்ளி. ஐந்தாம் நிலை மந்திரவாதிக்குத் தேர்ச்சிப் புள்ளி 3; அறிவு 18 என்றால் அதற்குரிய புள்ளி 4. ஆக 8 + 3 + 4 = 15. காப்ளினுக்குச் சுறுசுறுப்பு +2. ஆக, பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் எட்டு முகம், 40 சதவீதம். எட்டினால் பாதிச் சேதம், எட்டாவிட்டால் முழுச் சேதம்.

இப்போது ஒரு நிமிடம் என் பழைய உத்தியோகத்துக்குத் திரும்பிக்கொள்கிறேன். காப்ளினுக்கு உயிர், அதாவது ஹிட் பாயிண்ட், 7. எட்டுப் பகடையிலும் ஒன்றே விழுந்தால்கூடத் தொகை 8. எனவே தப்பத் தவறிய காப்ளின் நிச்சயமாகக் காலி. தப்பியது பிழைக்க வேண்டுமானால் தொகை 13க்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் அதில் பாதி, கீழ்நோக்கி முழுமையாக்கி, 6 ஆகும். எட்டுப் பகடை விழக்கூடிய 16,79,616 விதங்களில் அப்படி அமைவது 1,287 மட்டுமே. ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே காப்ளின் கூட்டத்துக்குச் சேவிங் த்ரோ உருட்டுவதையே நான் விட்டுவிட்டேன். உங்கள் ஒரு மணி நேரம் பத்து நிமிடமாகும். சேதப் பகடையை மட்டும் விட முடியவில்லை. எட்டையும் இரண்டு கைக்குள் வைத்துக் குலுக்கும் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் பையன்கள் சண்டை நடந்ததாகவே ஒப்புக்கொள்வதில்லை.

இருபது விழுந்தால் ஃபயர்பாலின் சேதமும் இரட்டிப்பாகுமா?
— வாசகர், ஈரோடு

ஆகாது. இருபதுக்கு மரியாதை, குறிபார்த்துத் தாக்கும் மந்திரங்களுக்கு மட்டும்தான். ஃபயர் போல்ட் என்ற தீக்கணையை எறிந்து இருபது விழுந்தால் சேதப் பகடைகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். ஃபயர்பாலில் நீங்கள் குறிபார்த்து உருட்டுவதே இல்லை. உருட்டுவது எதிரி. அவனுக்கு ஒன்று விழுந்தாலும் உங்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

எங்கள் மந்திரவாதி, சின்ன அறைக்குள் ஃபயர்பால் போட்டு எங்கள் ஆட்கள் மூன்று பேரையும் சேர்த்துப் பொசுக்கிவிட்டான். "விதிப்படிதான் செய்தேன்" என்கிறான். நியாயமா டீச்சர்?
— வாசகர், நாகர்கோவில்

விதிப்படி நியாயம். நட்பின்படி எப்படி என்பதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மந்திரத்தில் எல்லோரும் எட்டுப் பகடையைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது 20 அடி ஆரத்தை. ஆரம் 20 என்றால் குறுக்களவு 40 அடி. ஐந்தடிக் கட்டம் போட்ட தாளில் எட்டுக் கட்டம். முப்பதுக்கு முப்பது அடி அறையின் நடுவில் அதை வைத்தால் மூலைக் கட்டத்தில் ஒண்டி நிற்பவனும் தப்ப மாட்டான். வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேதம் நெருப்புக்குத் தெரியாது.

என் மேசையிலும் இது நடந்தது. அண்ணன் மகன், காவலாளி நிற்கும் கட்டத்திலேயே விரலை வைத்து "இங்கே" என்றான். பக்கத்துக் கட்டத்தில் அவனுடைய தோழனின் வீரன் நின்றான். அந்தப் பையன் இரண்டு வாரம் இவனோடு பேசவில்லை. பிறகு ஒரு காரியம் செய்தேன். பழைய காலண்டர் அட்டையில், எங்கள் தாளின் அளவுக்கு எட்டுக் கட்டக் குறுக்களவில் ஒரு வட்டம் வெட்டிக் கொடுத்தேன். அதை வைத்துப் பார்க்காமல் யாரும் மந்திரம் போடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வட்டத்தை நகர்த்தத் தொடங்கியதும் அவனுக்கே பிடிபட்டது: மையத்தை எதிரியின் தலையில் வைக்கத் தேவையில்லை. எதிரிக்கு 15 அடி பின்னால், யாருமே இல்லாத வெற்றுத் தரையில் வைக்கலாம். வட்டத்தின் விளிம்பு எதிரியைத் தொட்டால் போதும். விளிம்பில் சூடு குறைவு என்று விதியில் எங்கும் இல்லை. 150 அடி தூரம்வரை எறியலாம் என்பதால் வெட்டவெளியில் இது எளிது.

உங்கள் ஆளுக்கு இன்னொரு வழியும் உண்டு. எவோகேஷன் பிரிவில் பயின்ற மந்திரவாதி, மந்திரத்தின் நிலையோடு ஒன்று கூட்டி, அத்தனை பேரை நெருப்பிலிருந்து விலக்கி வைக்கலாம். மந்திரவாதிக்கு இருப்பதுபோல மந்திரங்களுக்கும் தனியே நிலை உண்டு. ஃபயர்பால் மூன்றாம் நிலை மந்திரம், ஆகவே நான்கு பேர். உங்கள் மூன்று பேரும் அதில் அடங்கிவிடுவார்கள்.

பழைய விதிகளோடு ஒப்பிட்டால் உங்களுக்கு நடந்தது ஒன்றுமே இல்லை. 1978இல் வந்த விதிப்புத்தகத்தில் ஃபயர்பால் சுமார் 33,000 கன அடி இடத்தை நிரப்பியே தீரும். பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள சுரங்கவழியில் போட்டால் நெருப்பு 330 அடி நீளத்துக்கு ஓடும். எறிந்தவனே பாதி வழியில் வெந்து கிடப்பான். கன அளவுப் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்கு வேலையில் இருந்தபோது கிடைக்கவில்லை.

நெருப்பைத் தாங்கும் சக்தி உள்ள எதிரி, சேவிங் த்ரோவிலும் தப்பித்தால் பாதியா, கால்வாசியா?
— வாசகி, மதுரை

கால்வாசிதான். முதலில் சேவிங் த்ரோவின் பாதி, பிறகு தாங்கும் சக்தியின் பாதி, ஒவ்வொரு படியிலும் பின்னத்தை விட்டுவிட வேண்டும். 27 சேதம் என்றால் 13, அப்புறம் 6. ஒரே வகைச் சேதத்தைத் தாங்கும் சக்தி இரண்டு வழிகளில் வந்திருந்தாலும் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். சிவப்பு டிராகனிடம் இந்தக் கணக்கே தேவையில்லை. நெருப்பு அதை ஒன்றுமே செய்யாது. எட்டுப் பகடையும் ஆறாக விழுந்தாலும் சேதம் பூஜ்யம். சேதத்தில் நெருப்பு, குளிர், மின்னல், அமிலம் என்று 13 வகை இருப்பதே இதற்காகத்தான். எல்லாவற்றையும் நெருப்பிலேயே கற்றுக்கொண்டு வரும் மந்திரவாதியை ஒரு சிவப்பு டிராகன் எங்கேயாவது காத்திருந்து சந்திக்கும். நான் அதைச் சந்திக்க வைப்பேன்.

மூன்றாம் நிலை மந்திரங்களிலேயே ஃபயர்பால் மட்டும் ஏன் இவ்வளவு பலம்? எழுதியவர்கள் கணக்கில் கோட்டை விட்டார்களா?
— வாசகர், சேலம்

தெரிந்தே கொடுத்த சலுகை என்றே நினைக்கிறேன். சொந்தமாக மந்திரம் உருவாக்குபவர்களுக்காக 2014 டன்ஜியன் மாஸ்டர் கையேட்டில் ஓர் அட்டவணை இருக்கிறது. பலரைத் தாக்கும் மூன்றாம் நிலை மந்திரத்துக்கு ஆறு பகடை, ஐந்தாம் நிலைக்கு எட்டு என்கிறது அது. அதாவது ஃபயர்பால், இரண்டு வகுப்பு மேலே உள்ளவர்களின் மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. மின்னல் மந்திரமான லைட்னிங் போல்ட்டுக்கும் அதே எட்டுதான்.

இந்த இரண்டுக்கும் மட்டும் ஏன் என்றால், இவை விளையாட்டைவிடவும் மூத்தவை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் இந்த விளையாட்டை வெளியிட்டது 1974இல். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 'செயின்மெயில்' என்ற பெயரில், பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு விதி எழுதியிருந்தார்கள். அதன் பின்னிணைப்பில் ஒரு மந்திரவாதி வருகிறான். அவன் எறியும் தீப்பந்து பெரிய கவண்பொறியின் குண்டு விழும் பரப்பையும், மின்னல் கனரக பீரங்கியின் பரப்பையும் கொண்டவை என்று எழுதி வைத்தார்கள். கவண்பொறி மனிதனாக வேடம் போட்டு வந்தது அப்படித்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு 20 அடி ஆரத்தைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் வரவில்லை. அது ஒரு படைப்பிரிவின்மேல் விழ வேண்டிய குண்டு. நாம்தான் அதை ஆறு பேர் நிற்கும் அறைக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

மேஜிக் மிசைல் தவறவே தவறாது என்கிறார்கள். பிறகு ஏன் எல்லோரும் அதையே போடுவதில்லை, அக்கா?
— வாசகி, பெங்களூரு

தவறாது என்பது உண்மை. மூன்று அம்பு, ஒவ்வொன்றுக்கும் நான்கு முகப் பகடையோடு ஒன்று கூட்டினால் மொத்தச் சராசரி பத்தரை. ஷீல்ட் மந்திரம் தெரிந்தவன் எதிரில் இருந்தால் மட்டும் அத்தனையும் வீண். ஆனால் அதற்கு ஒரு ஸ்பெல் ஸ்லாட் செலவாகிறது. ஸ்லாட் என்பது ஒரு நாளைக்கு இத்தனை என்று அளந்து கொடுத்த ரேஷன். ஃபயர் போல்ட்டுக்கு ரேஷன் கிடையாது. ஐந்தாம் நிலையில் அதற்குப் பத்து முகப் பகடை இரண்டு. காப்ளின்மேல் எறிந்தால், தவறும் வாய்ப்பையும் கழித்துச் சராசரி 7 சொச்சம் வருகிறது. நாள் முழுக்க எறியலாம். மேஜிக் மிசைலை, ஒரே ஒரு புள்ளி உயிரோடு ஓடுகிறவனுக்கு எடுத்து வையுங்கள்.

சேதம் கொடுக்கும் மந்திரங்களை விட்டுவிட்டு மயக்கும் மந்திரம் கற்கச் சொல்கிறாள் என் தோழி. அவள் சொல்வது சரியா, டீச்சர்?
— வாசகி, புதுச்சேரி

எதிரில் நிற்பது யார் என்று சொல்லவில்லையே, அம்மா. ஏழு காப்ளின் என்றால் உங்கள் கட்சி. இரண்டு ஓகர் என்றால் அவள் கட்சி.

ஓகர் என்ற முரட்டு அரக்கனுக்கு உயிர் 59. முழு ஃபயர்பாலின் சராசரி 28, இரண்டு போட்டால் 56. மூன்று புள்ளி பாக்கி. ஐந்தாம் நிலையில் ஒரு நாளைக்கு உங்களிடம் இருக்கும் மூன்றாம் நிலை ஸ்லாட்டும் இரண்டுதான். நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தால் இன்னொன்று மீளும், அதற்கு ஓகர் இடம் கொடுக்காது. மூன்று புள்ளி பாக்கியுள்ள ஓகர், 59 புள்ளி உள்ள ஓகரைப் போலவே கதாயுதத்தைச் சுழற்றும். ஓர் அடிக்குச் சராசரி 13. அரைகுறைச் சேதம் அதன் கையைத் தளர்த்துவதில்லை. இந்த விளையாட்டில் சேதத்தின் கோளாறே அதுதான்.

ஹிப்னாடிக் பேட்டர்ன் என்ற மயக்கும் மந்திரத்துக்கும் அதே மூன்றாம் நிலை ஸ்லாட் ஒன்றுதான் செலவு. ஓகரின் மனத்திடம் −2. மந்திரவாதியின் எண்ணான உங்கள் 15ஐ எட்ட அதற்கு 17 விழ வேண்டும். 80 சதவீதம் விழாது. மயங்கியது ஒரு நிமிடம் வரை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஒன்றைத் தொடாமல் விட்டுவிட்டு மற்றொன்றை நால்வரும் சூழ்ந்துகொள்ளலாம். அதுவரை உங்கள் கவனம் சிதறக்கூடாது; அடிபட்டால் சிதறலாம். மயங்கிய ஓகருக்கு ஒரு புள்ளி சேதம் ஆனாலும் அதற்கு மயக்கம் தெளிந்துவிடும்.

சென்ற மாதம் எங்கள் மேசையில் ஒரு பெண் இரண்டு ஓகர்களையும் ஒரே வீச்சில் மயக்கினாள். எல்லோரும் கைதட்டினோம். அடுத்த முறை அண்ணன் மகனுடையது. அட்டை வட்டத்தை எடுத்து, ஒழுங்காக அளந்து, எங்கள் ஆட்கள் யார்மேலும் படாமல், இரண்டு ஓகரும் வட்டத்துக்குள் வரும்படி வைத்தான்.