இரண்டு ஆர், ஓர் எச் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் வயிற்றுப் பேத்தி மதுரையில் நர்சிங் முதலாண்டு படிக்கிறாள். தேர்வு நெருங்கினால் மருத்துவச் சொற்களை எழுத்தெழுத்தாகத் தொலைபேசியில் என்னிடம் ஒப்பிப்பாள். நான் வளவில் உட்கார்ந்து அவள் கொடுத்துச் சென்ற நோட்டைப் பார்த்துத் திருத்துவேன். பள்ளியிறுதி வரை படித்ததால் எழுத்து தெரியும், பொருள் தெரியாது. டயரியா, ஹெமரேஜ், பயோரியா, டிஸ்மெனோரியா என்று பல சொற்களின் நடுவே இரண்டு ஆரும் ஓர் எச்சும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. காதில் விழுவதோ ஒரே ஒரு ‘ர’. அவள் ஒரு நாள் எச்சை விட்டுவிடுகிறாள், மறுநாள் ஓர் ஆரை விட்டுவிடுகிறாள். இதற்குக் காரணம் உண்டா, உருப்போடுவது ஒன்றுதான் வழியா?

(பெயர் வேண்டாம்)
தேவகோட்டை

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

காரணம் உண்டு. நீங்கள் குறிப்பிட்ட சொற்களின் பின்பாதி எல்லாம் கிரேக்கத்திலிருந்து வந்தவை. பழைய கிரேக்கத்தில் ‘ர’ ஒலியில் தொடங்கும் சொல்லை மூச்சுக்காற்று சேர்த்தே உச்சரித்தார்கள். அந்தக் காற்றைத் தங்கள் எழுத்தில் காட்ட ரோமானியர்கள் ஆருக்குப் பின் ஓர் எச் போட்டார்கள். ரூமாட்டிசம், ரைனோசரஸ், ரிதம் ஆகியவற்றின் இரண்டாம் எழுத்தாக எச் நிற்பது இதனால்தான். இப்படிப்பட்ட சொல், உயிரொலியில் முடியும் வேறொன்றின் பின்னால் போய்ச் சேரும்போது அதன் முதல் ஆர் இரட்டிக்கும். பலாவோடு பழம் சேர்ந்தால் பலாப்பழம் ஆவதைப் பள்ளியில் படித்த உங்களுக்கு இது புதிதாக இராது; ஆனால் நம் இலக்கணம் ரகரத்தை இரட்டிக்க விடுவதில்லை, ஆங்கிலேயர்களோ எழுத்தில் இரட்டித்துவிட்டு வாயில் ஒற்றையாகவே சொல்கிறார்கள். இதய நோய்ப் பிரிவில் பேத்தி அடிக்கடி கேட்கப்போகும் அரித்மியா இதற்கு நல்ல சான்று. நீதிக்கு முன் அகரம் சேர்த்து அநீதி என்பதைப் போல, ரிதத்துக்கு முன் அகரம் சேர்த்துத் துடிப்பின் தாளம் தவறுவதைச் சொல்கிறார்கள். அகரம் சேர்ந்த உடனே ஆர் இரண்டாகிவிடுகிறது.

ஆகவே இந்த மூன்றெழுத்தும் சேர்ந்து வரும் இடம், பெரும்பாலும், இரண்டு சொற்கள் கூடிய இடம். திருமணத்துக்கு முன் உங்கள் செட்டிநாட்டுத் தாலியான கழுத்துருவின் உருக்களைத் தனித்தனியே எடுத்து மஞ்சள் கயிற்றில் கோப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த நீண்ட சொற்களும் கோத்தவையே. முதல் ஆருக்கு முன்னால் ஒரு கோடு போட்டுப் பிரித்துவிட்டுப் பின்பாதியை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

பின்பாதி ‘ரியா’ என்று ஒலித்தால் ஒழுக்கு, போக்கு என்று பொருள். டயரியாவின் முன்பாதிக்கு ‘ஊடாக’ என்று பொருள். ஊடாகப் பாய்ந்து போவது. நாமும் வயிற்றுப்போக்கு என்றே சொல்கிறோம். பற்பொடி விளம்பரங்களால் நம் ஊர்களில் பழகிப்போன பயோரியாவில் முன்பாதி சீழ். ஈறிலிருந்து சீழ் வடிவது. ஓட்டோரியா காதிலிருந்து வடிவது. ரைனோரியா மூக்கு ஒழுகுவது. இந்தச் சொல்லை மட்டும் பேத்தி பத்து முறை எழுதினாலும் தகும், ஏனெனில் தொடக்கத்தில் ஒற்றை ஆரோடு எச்சும் நடுவில் இரட்டை ஆரோடு எச்சும் வந்து முழு விதியையும் ஒரே சொல்லில் காட்டிவிடுகிறது. ‘மெனோ’ என்பது மாதம். அதன் முன் அகரம் நின்றால் மாதவிலக்கு வராமை, ‘டிஸ்’ நின்றால் வலியோடு வருதல். ஓயாமல் பேசுவதற்கு லோகரியா என்று ஒரு சொல் இருக்கிறது, அதை எங்கள் தொழிலுக்கே செய்தார்களோ என்று எனக்கு ஐயம். கனோரியாவை உங்களுக்கு எழுதச் சற்றுத் தயக்கம்தான். ஆனால் பேத்தியின் பாடத்தில் அது இல்லாமல் போகாது. வெட்டை நோயில் வடியும் சீழை விந்து என்று தவறாக எண்ணிய காலத்தில், கி.பி. 2-ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் இட்ட பெயர் அது. எண்ணம் பொய்யான பின்னும் பெயர் நிலைத்துவிட்டது.

ஹெமரேஜ் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததன்று. அதன் பின்பாதிக்கு உடைத்துக்கொண்டு வருதல் என்று பொருள், முன்பாதி இரத்தம். மெனோரேஜியா என்றால் மாதவிலக்கில் அளவு மீறிய போக்கு. வாலை மாற்றிக் கேட்டுவிட்டால் வராததும் மிகுதியாக வருவதும் தலைகீழாகிவிடும் என்பதால், வார்டில் நிற்கப்போகும் பெண் எழுத்தைவிட இந்த வேறுபாட்டில்தான் கவனமாக இருக்க வேண்டும். ‘ரஃபி’ என்று முடிந்தால் தைத்தல். ஹெர்னியோரஃபி என்பது குடலிறக்கத்தைச் சரிசெய்து தைக்கும் அறுவை. ‘ரெக்சிஸ்’ கிழிதல்.

கோடு போடக்கூடாத சொற்களும் உண்டு. கல்லீரல் நோயான சிரோசிஸ் கூட்டுச்சொல்லே அன்று. நோயுற்ற ஈரலின் பழுப்பு மஞ்சள் நிறத்தைக் கண்டு, அந்த நிறத்துக்குரிய கிரேக்கச் சொல்லைக்கொண்டு 1819-இல் அப்பெயரை இட்டவர் பிரெஞ்சு மருத்துவர் லேனெக். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தவரும் அவரே. இரட்டை ஆர் அந்த நிறச்சொல்லுக்குள்ளேயே இருந்தது. குழந்தை இயேசுவுக்குப் பொன்னோடும் தூபவர்க்கத்தோடும் கொண்டுவந்த வெள்ளைப்போளத்தின் ஆங்கிலப் பெயரான மர் என்பதிலும் இந்த மூன்றெழுத்து உண்டு. அதன் வேர் செமிட்டிய மொழிகளில் இருக்கிறது.

அமெரிக்க நூல்களில் டயரியாவின் ஓ எழுத்தும் ஹெமரேஜின் முதல் ஏ எழுத்தும் காணாமல் போயிருக்கும். இரண்டு ஆரும் எச்சும் அங்கேயும் மாறாமல் இருக்கும். கல்லூரியில் எந்த முறை என்று கேட்டு அதையே தொடர்ந்து எழுதட்டும். பிற்காலத்தில் கோத்த சில சொற்கள் இரட்டிக்கும் விதியைப் பொருட்படுத்துவதில்லை. காது, மூக்கு, தொண்டை மூன்றையும் ஒன்றாகக் கோத்த ஓட்டோரைனோலாரிங்காலஜியில் 19 எழுத்துகள் இருந்தும், மூக்குக்கு முன்னால் ஓர் ஆர்தான். தேர்வில் அதற்குப் பதிலாக ஈ.என்.டி. என்று எழுதினால் மதிப்பெண் உண்டா என்பதைப் பேத்தி தன் ஆசிரியரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.