ராப் மெட்டல் என்பது மெட்டல் இசையின் மேல் ராப் பாடுவதுதானா?

"கிட்டார் இரைய, ஒருவர் வேகமாகப் பேசிக்கொண்டே போனால் அது ராப் மெட்டல் ஆகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1991இல் லாஸ் ஏஞ்சலிஸில் உருவான ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவைக் கேட்ட பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

அதற்கு முன்பும் முயற்சிகள் உண்டு. மெட்டல் குழுவான ஆந்த்ராக்ஸும் ராப் குழுவான பப்ளிக் எனிமியும் 1991இல் 'பிரிங் த நாய்ஸ்' பாடலைச் சேர்ந்து பதிவுசெய்தன. உற்சாகமான பாட்டு. ஆனால் அதில் இரண்டு வீட்டாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான், சம்பந்தம் ஆகவில்லை.

ரேஜில் சாக் டி லா ரோச்சாவின் ராப்தான் முதலில் காதில் அறையும். எனக்கு டாம் மொரெல்லோவின் கிட்டார்தான் பெரிது. ஹிப் ஹாப் டிஜே இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து எழுப்பும் கீறல் ஒலியை அவர் கிட்டாரிலேயே எழுப்பினார். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புகள் இரண்டில் ஒன்றின் ஒலியளவை முழுதாகக் கூட்டி, மற்றதை அடியோடு குறைத்துவிடுவார். பிக்கப்பை மாற்றும் சுவிட்சை இந்தப் பக்கம் தட்டினால் ஒலி, அந்தப் பக்கம் தட்டினால் மௌனம். ஒரு கை கம்பிகளைத் தேய்க்க, மறு கை சுவிட்சைத் தட்டிக்கொண்டே இருக்கும். 1992இல் வந்த முதல் ஆல்பத்தில், சாம்பிள் (வேறு பதிவிலிருந்து வெட்டியெடுத்த ஒலித்துண்டு), கீபோர்டு, சிந்தசைசர் எதையும் பயன்படுத்தவில்லை என்று அச்சிட்டிருந்தார்கள். அச்சிடாவிட்டால் யார் நம்பியிருப்பார்கள்?

தாளமும் அப்படித்தான். மூச்சுவிடாமல் பாயும் த்ராஷ் மெட்டலில் ராப்பின் சொற்கள் மூழ்கிவிடும். இவர்கள் வேகத்தைக் குறைத்து, டிரம்ஸுக்கும் பேஸ் கிட்டாருக்கும் நடுவே சொல் விழ இடம் விட்டார்கள். பின்னால் வந்தவர்களில் லிம்ப் பிஸ்கிட் எனக்கு ஒத்துவரவில்லை. 2000இல் 'ஹைப்ரிட் தியரி' ஆல்பத்தோடு வந்த லிங்கின் பார்க் பிடிக்கும். ஆனால் அதில் என்னை இழுப்பது ராப்பைவிடப் பாடகர் செஸ்டர் பென்னிங்டனின் அலறல்தான்.

மொரெல்லோவின் வித்தையை நண்பனின் கிட்டாரை வாங்கி நானும் முயன்றேன். சுவிட்சைத் தட்டத் தட்ட ஒலியின் நிறம் மாறியதே தவிர, அறுபடவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன்: அது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார். மூன்று பிக்கப்புக்கும் சேர்த்து ஒலியளவுத் திருகு ஒன்றே ஒன்று.