ஜாஸ் வாத்திய இசையும் காஸ்பல் (அமெரிக்கக் கறுப்பினச் சர்ச் பாட்டு) வழி வந்த சோல் இசையும் கலந்தது போல ஏதாவது கேட்க வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?

டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழு 1958 அக்டோபரில் பதிவு செய்த 'மோனின்' கேளுங்கள். முதல் ஒரு நிமிடத்திலேயே விஷயம் பிடிபட்டுவிடும்.

பியானோ தனியாக ஒரு வரி வாசிக்கும். மற்றவர்கள் சேர்ந்து இரண்டே கார்டில் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) பதில் சொல்வார்கள். சர்ச்சில் பாட்டு முடியும்போது எல்லோரும் இழுத்துப் பாடும் 'ஆ...மென்' இருக்கிறதே, அதேதான் அந்த இரண்டு கார்டும். எட்டு பார் (தாளச் சுற்று) போனதும் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் அந்த வரியை எடுத்துக்கொள்ளும், பதில் சொல்லும் வேலை பியானோவுக்கு வந்துவிடும். போதகர் ஒன்று சொல்ல சபை பதில் சொல்வது அமெரிக்கக் கறுப்பினச் சர்ச்சுகளின் பழைய வழக்கம். இங்கே பாடகரே இல்லாமல் அது நடக்கிறது. இயற்றிய பியானோக்காரர் பாபி டிமன்ஸுக்கு அப்போது வயது 22. போதகர் வீட்டுப் பிள்ளை.

அதனால்தான் இதைக் 'கலப்பு' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தலைமுறையில் பலருக்கு ஞாயிறு காலை சர்ச், மற்ற ராத்திரிகளில் கிளப். வாசித்த கை ஒன்றுதான்.

சோல் பக்கமிருந்து வர வேண்டுமென்றால் ரே சார்ல்ஸ். காஸ்பல் மெட்டில் காதல் வரிகளை வைத்து 1954-ல் 'ஐ காட் எ உமன்' பாடினார். பக்தர்கள் பலருக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டதற்குப் பொருத்தம் 1958-ல் வந்த 'சோல் பிரதர்ஸ்' ஆல்பம். வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) மேதை மில்ட் ஜாக்சனோடு சேர்ந்து செய்தது. ரே அதில் ஒரு வரிகூடப் பாடவில்லை, பியானோ போதாதென்று ஆல்டோ சாக்ஸபோனும் வாசிக்கிறார்!

சர்ச்சில் வளர்ந்தவர்களுக்குத்தான் இது வரும் என்றும் இல்லை. சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி குழு 1966-ல் பதிவு செய்த ஹிட் 'மெர்சி, மெர்சி, மெர்சி'யை எழுதிய ஜோ ஜாவினுல் வியன்னாக்காரர். எலெக்ட்ரிக் பியானோவில் அவர் நிதானமாக வாசிக்க, கூட்டம் கத்திக்கொண்டே இருக்கும். சிகாகோ கிளப்பில் பதிவானது என்று உறையில் போட்டிருப்பார்கள், நம்பாதீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோவுக்கே ஆட்களை அழைத்துவந்து உட்காரவைத்து எடுத்தது.

இப்போது பிளேலிஸ்ட்களில் 'சோல் ஜாஸ்' என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் எனக்கு ஒட்டுவதில்லை. ஒரு பீட்டைப் போட்டு அதன்மேல் சாக்ஸபோனைத் தடவிவிடுகிறார்கள். கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. அதற்கு சோல் பாடகர் டானி ஹாத்தவேயின் 1972 ஆல்பம் 'லைவ்' எவ்வளவோ மேல். 'தி கெட்டோ' பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, அதில் பாட்டு கொஞ்சம்தான், மீதியெல்லாம் வாசிப்பு.

ஜிம்மி ஸ்மித்தின் 'தி சர்மன்' ஹேமண்ட் ஆர்கனுக்காகவே (மின்சார ஆர்கன்) கேட்க வேண்டியது. டிரம்ஸில் அங்கேயும் பிளேக்கிதான். ஆனால் ஒரே பாட்டு இருபது நிமிடம். முதலிலேயே அதைப் போட்டால் சலித்துவிடும், கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.