வாசகர் கேள்வி பதில்: அடிவாரத்துக் கணக்கும் மலையுச்சிக் குளிரும்

கேள்வி: என் மகள் வட இங்கிலாந்தில் கெண்டல் என்னும் ஊரில் தாதியாகப் பணிபுரிகிறாள். சென்ற பிப்ரவரியில் கைபேசி 7 டிகிரி என்று காட்டியதை நம்பி, தோழிகளுடன் ஹெல்வெலின் மலையேறப் போனவள், விரல்கள் மரத்துப்போய்ப் பாதி வழியிலேயே திரும்பிவிட்டாள். கண்ணுக்கெட்டும் தூரத்தில் இவ்வளவு வேறுபாடு எப்படி வருகிறது? அந்த மலைகளின் நிலவரத்தை யாராவது நேரில் பார்த்துச் சொல்கிறார்களா?
– ஒரு தாய், கமுந்திங்

பதில்: அம்மா, தங்கள் மகள் பார்த்த 7 டிகிரி பொய்யன்று. அது கெண்டலுக்கு உரிய எண்; மலைக்கு உரியதன்று. தாப்பாவில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பேருந்து ஏறுகிறவர்கள் மேலே கேமரன் மலையில் உள்ள தானா ராத்தாவில் இறங்கியதும் சால்வையைத் தேடுவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஹெல்வெலின் 950 மீட்டர் உயரமானது. கெண்டலோ கடல்மட்டத்திலிருந்து அதிகம் உயராத ஊர். ஆகவே ஊரில் 7 என்றால் உச்சியில் ஏறத்தாழ 1 டிகிரிதான் இருந்திருக்கும். அதோடு காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1 டிகிரி குளிரில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உடம்புக்கு அது −7 போலத் தைக்கும். அந்த மலைகளில் குளிர்காலத்தில் 60 கிலோமீட்டர் என்பது பெருங்காற்றே அல்ல.

நேரில் பார்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்ல எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஹெல்வெலின் இருக்கும் ஏரி மாவட்டத் தேசியப் பூங்கா இதற்கென்றே ஆட்களை அமர்த்தியிருக்கிறது. டிசம்பரில் தொடங்கிக் குளிர்காலம் முடியும்வரை அவர்கள் முறை வைத்துக்கொண்டு, ஒருவர் மாற்றி ஒருவர், நாள்தோறும் ஹெல்வெலின் மீது ஏறுகிறார்கள். கையடக்கக் கருவியால் வெப்பநிலையையும் காற்றையும் அளந்து, பனி எவ்வளவு ஆழம், பாதையில் எங்கே பனிக்கட்டி இறுகியிருக்கிறது, விளிம்பில் தொங்கும் பனி எங்கே உடையக்கூடும் என்பதையெல்லாம் கண்ணால் கண்டு, அன்றே பொதுமக்களுக்கு அறிவிக்கிறார்கள். வானிலை முன்னறிவிப்பு இனி வரப்போவதைச் சொல்வது. இது இன்று காலால் மிதித்துப் பார்த்ததைச் சொல்வது. மகள் அடுத்த முறை மலையேறுமுன் அந்த அறிக்கையைப் படிக்கச் சொல்லுங்கள்.

இந்த வழக்கத்துக்கு அந்த மண்ணில் பழைய வேர் உண்டு. லங்காஷயரில் வளர்ந்த கார்டன் மேன்லி என்னும் வானிலை அறிஞர், பெனைன் மலைத்தொடரில் சுமார் 560 மீட்டர் உயரத்தில் மூர் ஹவுஸ் என்ற தனிமையான இடத்தில் 1932-இல் கருவிகளை வைத்து அளக்கத் தொடங்கினார். அது போதாதென்று, 848 மீட்டர் உயரமுள்ள கிரேட் டன் ஃபெல் உச்சிக்கு அருகே 1937-இல் ஒரு சிறு குடிசையை அமைத்து, சில ஆண்டுகள் அங்கேயும் அளவெடுத்தார். அந்த உயரத்தில் உறைநிலைக்குக் கீழான மேகத்துளிகள் காற்றோடு வந்து மோதும்போது, கம்பிகளிலும் கருவிகளிலும் வெண்பனி இறகு இறகாக, காற்று வரும் திசையை நோக்கியே வளர்ந்து படியும். காற்றுமானியின் கிண்ணங்கள் அப்படி இறுகிக்கொண்டால் சுழலமாட்டா. அதைத் தட்டி உதிர்க்க ஒரு கை வேண்டும், கையிருந்தால்தான் கணக்கிருக்கும். மேன்லியின் அளவுகளிலிருந்து தெரியவந்த செய்தி இது: மூர் ஹவுஸின் ஆண்டுச் சராசரி சுமார் 5 டிகிரி, அதாவது ஐஸ்லாந்தின் கடலோரத்தை ஒத்த குளிர். அடிவாரத்து ஊர்களின் எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உயரே போகப் போகக் குளிரும் என்ற கணக்கு சில நாட்களில் தலைகீழாகும். காற்றசையாத, வானம் தெளிந்த குளிர்கால இரவுகளில் கனத்த குளிர்காற்று சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கிவிடும். விடிந்த பிறகு ஊர் மூடுபனிக்குள் உறைந்து கிடக்க, உச்சியில் நிற்பவர் வெயிலில் நின்று மேகக் கடலைக் கீழே பார்ப்பார்.

கேள்வி: இங்கிலாந்தில் மனிதர் வாழும் இடங்களில் மிக அதிக மழை பெறுவது சீத்வெய்ட் என்று படித்தேன். நம் தைப்பிங்கைவிட அதிகமா?
– ஒரு வாசகர், தைப்பிங்

பதில்: இல்லை. சீத்வெய்ட் ஆண்டுக்குச் சுமார் 3,300 மில்லிமீட்டர் பெறுகிறது. தைப்பிங் 4,000 அளவில் பெறுகிறது. ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தைப்பிங்கின் முதுகில் புக்கிட் லாருட் நிற்பதைப்போல, சீத்வெய்ட்டின் தென்மேற்கே 978 மீட்டர் உயரமுள்ள ஸ்காஃபெல் பைக்கும் அதன் கூட்டாளி மலைகளும் நிற்கின்றன. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலைமீது ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. மேலே ஏற்கெனவே பெய்துகொண்டிருக்கும் மழைத்துளிகள் இந்தத் தாழ்ந்த மேகத்தினூடே விழுகையில் அதன் நுண்துளிகளையும் வாரிக்கொண்டு பருத்து இறங்குகின்றன. அவற்றைக் காற்று முகட்டுக்கு அப்பாலும் தள்ளிக்கொண்டு போவதால், மலைக்குப் பின்புறம் இருந்தும் சீத்வெய்ட் நனைகிறது. மலைகளை எல்லாம் தாண்டிக் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் டைன்மவுத்துக்கு ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 600 மில்லிமீட்டர்தான். நடுவே ஒரு மலைத்தொடர். கணக்கில் ஐந்து மடங்கு வேறுபாடு!

இந்த உண்மையும் ஓர் உள்ளூர்க்காரரின் பிடிவாதத்தால் வெளிவந்ததே. வைட்ஹேவன் ஊரைச் சேர்ந்த ஜான் ஃபிளெட்சர் மில்லர் 1840-களில் அந்த மலைகளில் பல இடங்களில் மழைமானிகளை வைத்தார். ஒரு சிற்றூரில் இத்தனை மழையா என்று அன்று வியந்தவர்கள், இன்றைய எண்களைக் கண்டால் இன்னும் வியப்பார்கள்: 2009 நவம்பரில் சீத்வெய்ட்டில் 24 மணி நேரத்தில் 316.4 மில்லிமீட்டரும், 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின்போது அதற்கு அருகே ஹோனிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டரும் பதிவாயின. பின்னது பிரிட்டனின் சாதனை அளவாகியது.

கேள்வி: பெயர் வைத்த காற்று ஒன்று வட இங்கிலாந்தில் உண்டாமே?
– ஒரு மாணவி, கோலகங்சார்

பதில்: உண்டு. அதன் பெயர் ஹெல்ம். பிரிட்டனில் தனக்கென்று பெயர் கொண்ட ஒரே காற்று என்று அதைச் சொல்வார்கள். வடகிழக்கிலிருந்து வரும் காற்று 893 மீட்டர் உயரமுள்ள கிராஸ் ஃபெல் முகட்டைத் தாண்டி, ஈடன் பள்ளத்தாக்கை நோக்கிச் செங்குத்தான சரிவில் பாய்ந்து இறங்குகிறது. அப்போது முகட்டின் மேல் தலைக்கவசம்போல் ஒரு மேகம் கவிந்திருக்கும். பள்ளத்தாக்கின் மேல் சற்றுத் தள்ளி இன்னொரு மேகம் பட்டையாக அசையாமல் நிற்கும். பாறையைத் தாண்டிய ஆற்றுநீர் கீழே குதித்து மீண்டும் எழுவதுபோல் காற்றும் அலையாக எழுகிறது என்பதை விளக்கியவரும் மேன்லிதான். அந்தப் பட்டை மேகத்துக்கு அப்பால் காற்று பெரும்பாலும் ஓய்ந்துவிடும். தங்கள் பள்ளி நூலகத்தில் நிலப்பட ஏடு இருந்தால், பென்ரித் என்ற ஊருக்குக் கிழக்கே அந்த முகட்டைத் தேடிப் பாருங்கள், மகளே.

கேள்வி: தோட்டத்தில் கிராணியாக இருந்த என் தந்தையாரின் பழைய மழைக்கணக்கு நோட்டு கிடைத்திருக்கிறது. 1.35, 0.08 என்று எண்களும் சில இடங்களில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தும் உள்ளன. பழைய காகிதத்தோடு போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். இதனால் பயன் உண்டா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தயவுசெய்து போட்டுவிடாதீர்கள் ஐயா. நானும் இளமையில் ஒரு தோட்டத்தில் உதவிக் கிராணியாக இருந்தவன். பெரட்டுக்கு ஆள் கூடுமுன் மழைமானியைத் திறந்து, புனலில் விழுந்திருக்கும் இலையை எடுத்துப்போட்டு, நீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கண்மட்டத்தில் பிடித்துப் பார்த்து எழுதுவேன். பால்மரத் தோட்டத்துக்கு அந்த எண் சோறு போன்றது. வெட்டுப்பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் இறங்காமல் மரத்தில் வழிந்துவிடும். அன்றைய கூலியும் அதோடு போகும்.

தந்தையார் எழுதியவை அங்குலக் கணக்கு. 25.4-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர் வரும், 1.35 என்பது சுமார் 34 மில்லிமீட்டர். ‘டி’ என்பது அளக்க முடியாத சிறு தூறல். காலையில் அளந்தது பெரும்பாலும் முந்தைய நாளின் மழை என்பதை மறக்காதீர்கள். நான் இருந்த தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் அளப்பதில்லை. திங்கட்கிழமை எண் இரண்டு நாள் மழையாக இருக்கும். ஞாயிறு வெறுமையாகவும் திங்கள் பெரிதாகவும் இருந்தால் அப்படித்தான் என்று கொள்ளுங்கள்; நீங்களாகப் பிரித்துப் போட வேண்டாம்.

வட இங்கிலாந்தின் கம்பர்லாந்தில் ஓர் எளிய நெசவாளர் வீட்டில் பிறந்து அணுக்கொள்கையால் உலகப்புகழ் பெற்ற ஜான் டால்டன், 1787-இல் தொடங்கிய வானிலைக் குறிப்பை 57 ஆண்டுகள் எழுதினார். 1844-இல் அவர் இறப்பதற்கு முந்தைய நாள் எழுதிய கடைசிக் குறிப்பும் அன்று பெய்த சிறு மழையைப் பற்றியதே. உங்கள் தந்தையாரும் அந்த வரிசையில் வைக்கத்தக்கவர் என்றே நான் நினைக்கிறேன்.

ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, எழுதியிருப்பதை ஒரு திருத்தமும் செய்யாமல் படியெடுங்கள். மழைமானி எந்த இடத்தில் இருந்தது என்ற குறிப்பு நோட்டில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்தத் தோட்டத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவரை அழைத்துச் சென்று, ஆபீசுக்கு எந்தப் பக்கம், மரநிழலுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டு, முதல் பக்கத்துக்கு முன்னால் ஒரு தாளில் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.