மாநில உரிமைப் போரா, அடிமைமுறைப் போரா? ரிச்மண்டுக்குப் புதிதாக வந்தவருக்கு ஒரு பதில்

தம்பி, ரிச்மண்டில் குடியேறி நான்கு மாதமே ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். நான்காம் வகுப்பில் வர்ஜீனியா வரலாறு படிக்கும் உங்கள் மகன், அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போருக்குக் காரணம் அடிமைமுறை என்று படித்துவிட்டு வந்திருக்கிறான். உங்களிடம் அன்பாகப் பழகும் பக்கத்து வீட்டுப் பெரியவரோ, அது மாநில உரிமைக்காக, அதாவது மத்திய அரசு தலையிடாமல் மாநிலங்கள் தாமே முடிவெடுக்கும் உரிமைக்காக, நடந்த போர் என்று அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி, அவரிடம் என்ன பேசுவது என்பது உங்கள் கேள்வி. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே ஊருக்கு வந்தபோது எனக்கும் இதே குழப்பம் இருந்தது. பையன் படித்ததுதான் சரி. பெரியவரும் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் பள்ளியில் படித்த காலத்தில் இந்த மாநிலத்தின் பாடநூல்களே அப்படித்தான் சொல்லின.

மாநில உரிமை என்ற சொல்லைச் சோதித்துப் பார்க்க 1850ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். மெக்சிகோவிடமிருந்து பறித்த நிலப்பரப்பில் அடிமைமுறை இருக்கலாமா கூடாதா என்ற தகராறு முற்றிய வேளையில், 1820இல் அடிமைமுறை பற்றிய மிசௌரி சமரசத்தை முடித்துக்கொடுத்த கென்டக்கியின் ஹென்றி கிளே, தள்ளாத வயதில் மறுபடியும் ஒரு சமரசத்தைக் கொண்டுவந்தார். அடிமைமுறை நன்மையே என்று செனட்டில் வாதாடியவரான தென் கரோலினாவின் ஜான் கல்ஹூன் பேச முடியாத அளவுக்கு நோயுற்றிருந்ததால், அவருடைய உரையை வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேசன் வாசிக்க, கல்ஹூன் போர்வையைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். அந்த மாதம் முடிவதற்குள் இறந்தும் போனார். அந்தச் சமரசத்தில் கலிபோர்னியா அடிமைமுறையற்ற மாநிலமாகச் சேர்க்கப்பட்டது. பதிலுக்குத் தெற்கு பெற்றுக்கொண்டது, அதே மேசன் வரைந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம்.

அந்தச் சட்டத்தை நிதானமாகப் படியுங்கள். தப்பியோடியவர் என்று பிடிக்கப்பட்ட ஒருவர் தம் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது, நடுவர் குழு விசாரணை கேட்க முடியாது. வழக்கை முடிவு செய்யும் ஆணையருக்கு, அவரை விடுவித்தால் 5 டாலர், அடிமை என்று தீர்ப்பளித்து அனுப்பினால் 10 டாலர் கட்டணம். எழுத்து வேலை கூடுதல் என்று அதற்கு ஒரு சமாதானமும் சொன்னார்கள். ஒளித்து வைத்து உதவியவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. வழியில் போகிற வடக்கத்தியக் குடிமகனையும் பிடித்துக்கொடுக்க வருமாறு மத்திய அரசின் மார்ஷல் கட்டளையிடலாம். மாநில உரிமையை உயிராக மதித்தவர்கள் கேட்டு வாங்கிய சட்டம் இது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்தச் சட்டம் நம் ஊர்க்காரர் ஒருவர் மீதே பாய்ந்தது. ரிச்மண்டில் அடிமையாக வேலை செய்துவந்த ஆன்டனி பர்ன்ஸ் என்ற இளைஞர், 1854ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கப்பலில் ஒளிந்து வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரம் போய்ச் சேர்ந்தார். தம் சகோதரருக்கு அவர் எழுதிய கடிதம் உரிமையாளர் கையில் சிக்கியதால் இருப்பிடம் தெரிந்துபோய், மே 24 அன்று கைதானார். அவரை மீட்பதற்காக நீதிமன்றக் கதவை உடைத்த கூட்டத்தோடு நடந்த மோதலில் காவலர் ஒருவர் இறந்தார். குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் பியர்ஸ் வடக்கே நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்தவர். ஆனாலும் ஒற்றுமை குலையக்கூடாது என்ற பெயரில் தெற்கின் விருப்பத்துக்கு இணங்கியே நடந்தவர். அவர் படையைப் பயன்படுத்த ஒப்புதல் தந்தார். ஜூன் 2 அன்று, ஒரே ஒரு மனிதரைக் கப்பலேற்றுவதற்காக, பீரங்கியோடும் படைவீரர்களோடும் பாஸ்டன் தெருக்களில் ஊர்வலம் நடந்தது. கடைகளில் கறுப்புத் துணி தொங்கியது; தெருவின் குறுக்கே ஒரு சவப்பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அதுவரை அடிமைமுறை எங்கோ தெற்கில் நடக்கும் விஷயம் என்று வணிகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள், அன்று அதைத் தம் வீட்டு வாசலில் பார்த்தார்கள்.

அதே வாரம், மே 30 அன்றுதான், இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கேன்சஸ், நெப்ராஸ்கா என்ற புதிய நிலப்பகுதிகளுக்காகக் கொண்டுவந்த கேன்சஸ்–நெப்ராஸ்கா சட்டத்தில் பியர்ஸ் கையெழுத்திட்டார். மிசௌரி சமரசம் வகுத்த எல்லைக்கோட்டுக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்ற முப்பத்து நான்கு ஆண்டு ஏற்பாட்டை அது துடைத்தெறிந்து, குடியேறுபவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்றது. டக்ளஸ் திறமைசாலி, ஆனால் அவருக்கு அடிமைமுறை ஓர் அறப்பிரச்சினையாகவே தென்படவில்லை, வாக்கெடுத்துத் தீர்க்கக்கூடிய உள்ளூர் விவகாரமாகவே பட்டது. கேன்சஸில் வாக்குக்குப் பதில் துப்பாக்கி பேசியது. அன்றைய பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி சிதறியது, அடிமைமுறை பரவுவதை எதிர்த்த குடியரசுக் கட்சி பிறந்தது. 1856இல் அடிமைமுறையைக் கண்டித்துப் பேசிய மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னரை, செனட் மண்டபத்தில் அவருடைய மேசையருகிலேயே தென் கரோலினாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் கைத்தடி முறியும்வரை அடித்தார். புரூக்ஸைப் பாராட்டித் தெற்கிலிருந்து புதுக் கைத்தடிகள் பரிசாக வந்து குவிந்தன.

இனி மாநில உரிமைக்கு வருவோம். தப்பியோடிய அடிமைகள் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பர்ன்ஸ் விவகாரத்துக்குப் பின் மாசசூசெட்ஸ், அந்தச் சட்டத்துக்குத் தன் அதிகாரிகள் துணைபோகக் கூடாது என்று 1855இல் சட்டம் இயற்றியது. அவைதாம் உண்மையான மாநில உரிமைக் குரல்கள். தெற்கத்தியத் தலைவர்கள் அவற்றை வரவேற்கவில்லை. 1860 டிசம்பரில் பிரிந்து போவதற்குத் தென் கரோலினா சொன்ன காரணங்களில், வட மாநிலங்கள் தப்பியோடியவர்களைத் திருப்பித் தருவதில்லை என்பதும், அடிமையோடு தன் வழியாகக் கடந்துபோகும் உரிமையைக்கூட நியூயார்க் மறுக்கிறது என்பதும் இருக்கின்றன. மாநிலங்கள் தம் உரிமையைப் பயன்படுத்தியதே அங்கே குற்றச்சாட்டு!

பெரியவரின் சொல் பிறந்த இடத்தை அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் என்ற ஒரே மனிதரிடம் காணலாம். பிரிந்துபோன தென் மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பின் துணைத் தலைவரான அவர், 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசியபோது, கறுப்பின மக்கள் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று கூட்டத்தின் கைதட்டலுக்கிடையே அறிவித்தார். தோற்ற பிறகு, 1868 தொடங்கி அவர் எழுதிய இரண்டு பெரிய தொகுதிகளில், போர் அரசியலமைப்புக் கோட்பாட்டைப் பற்றியது என்று விளக்கினார். இடையில் மாறியது வரலாறு அன்று. அடிமைமுறையை வெளிப்படையாகத் தாங்கிப் பேசும் வசதி போய்விட்டது, அவ்வளவுதான்.

இதைச் சொல்வதால் வடக்கு முழுவதும் புண்ணியவான்கள் என்று எண்ண வேண்டியதில்லை. 1860 தேர்தலில் குடியரசுக் கட்சியின் லிங்கன் தந்த வாக்குறுதி, அடிமைமுறை புதிய நிலங்களுக்குப் பரவுவதைத் தடுப்பது மட்டுமே. இருக்கும் மாநிலங்களில் அதைத் தொடமாட்டேன் என்றே பதவியேற்பு உரையிலும் சொன்னார். அதற்கு முன்பே ஏழு மாநிலங்கள் பிரிந்துவிட்டன. ஏறத்தாழ 40 லட்சம் பேர் அப்போது அடிமைகளாக இருந்தார்கள்.

பெரியவரிடம் வாதாடி வெல்ல முயல வேண்டாம். "எந்த உரிமைக்காக?" என்று பணிவாகக் கேளுங்கள், போதும். அவர் பதிலைத் தேடட்டும். நான் வந்த புதிதில், அலுவலக விருந்து ஒன்றில் பெரிய மனிதர் தோரணையில் "இரு பக்கமும் நியாயம் உண்டு" என்று சொல்லிவைத்தேன். எதிரே இருந்த கறுப்பினத் தோழி ஒன்றும் சொல்லவில்லை. பல மாதங்கள் கழித்து, தம் முன்னோரைத் தேடி 1860 கணக்கெடுப்பைத் திறந்ததைப் பற்றிச் சொன்னார். அடிமைகளுக்கான அந்தப் பட்டியலில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயதும் பாலும் நிறமும் மட்டுமே இருந்தன, பெயர் இல்லை. அடிமைமுறை ஒழிந்தபின் எடுத்த 1870 கணக்கெடுப்பில்தான் அவருடைய கொள்ளுப்பாட்டனாரின் தந்தைக்குப் பெயர் வந்தது. அன்று நான் உண்ட சோறு இறங்கவில்லை.

நான் குடியுரிமைத் தேர்வுக்குப் போனபோது, உள்நாட்டுப் போருக்கு வழிவகுத்த ஒரு பிரச்சினையைச் சொல்லக் கேட்டார்கள். மாநில உரிமை என்ற விடையும் அப்போது ஏற்கப்பட்டது. நான் அடிமைமுறை என்றே சொன்னேன்.

பர்ன்ஸைத் திருப்பிக் கொண்டுவந்து நான்கு மாதம் விலங்கிட்டு அடைத்து வைத்த, லம்ப்கின் என்ற அடிமை வணிகரின் சிறையின் அடித்தளம், மெயின் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்குப் பின்னால், நெடுஞ்சாலையை ஒட்டி மண்ணுக்கடியில் கிடக்கிறது. பாஸ்டன் கறுப்பின தேவாலயத்தார் பணம் திரட்டி 1855இல் அவரை விலைக்கு வாங்கி விடுவித்தார்கள். பின்னர் அவர் கனடாவில் போதகராக இருந்து இளம் வயதிலேயே இறந்தார். மான்செஸ்டர் படகுத்துறையிலிருந்து சிறை இருந்த இடம் வரை, அடிமைகளை நடத்திச் சென்ற பாதையில் குறிப்புப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனை அழைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். வெயிலுக்கு முன் கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். பெரியவரும் வருவாரென்றால் அவரையும் கூப்பிடுங்கள்.